சம்பள வேலையிலிருந்து சொந்த கவுன்சிலிங் அறைக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்குபவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உளவியலோ சமூகப்பணியோ படித்தவர்கள் பெரும்பாலும் நாலைந்து வகை இடங்களில்தான் வேலை பார்க்கிறோம். விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், போதை மறுவாழ்வு மையங்கள், தனியார் மருத்துவமனைகள், ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகள். கொஞ்ச வருடம் ஆனதும் சொந்தமாக ஓர் அறை போட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். அப்போது என்னிடம் வந்து, "வேலையை எப்ப விடலாம்?" என்று கேட்பார்கள். இப்போதைக்கு வேலையை விட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை மட்டும் விடுங்கள் என்பேன்.

பணத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் தொழிலில் தயங்காமல் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. "நீங்க இப்ப நல்லா இருக்கீங்க, இனிமே வர வேண்டியதில்லை" என்பது ஒன்று. "இது என்னால் ஆகிற விஷயம் இல்லை, முதல்ல மனநல மருத்துவரைப் பாருங்க" என்பது மற்றொன்று. ஐந்தாம் தேதி வாடகை கட்ட வேண்டும், கையில் பணமில்லை, உங்களிடம் வருவதே ஏழு பேர்தான் என்றால், இந்த இரண்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை இரண்டையும் தாராளமாகச் சொல்லலாம். படிப்படியாக மாறுவது உங்கள் பாதுகாப்புக்காக மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவருக்காகவும்தான். கீழே சொல்வதெல்லாம் இதை மனதில் வைத்துத்தான்.

1. காகித வேலை

உங்கள் படிப்பு எதைச் செய்ய அனுமதிக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு வைக்க இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு கட்டாயம். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் அந்தப் பெயரில் தொழில் செய்வது தண்டனைக்குரிய குற்றம். அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் கேட்கும் அறிவுத்திறன் சோதனை போன்றவற்றை எம்.எஸ்சி. உளவியல் மட்டும் முடித்தவர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கக் கூடாது. மற்ற உளவியலாளர்கள், ஆலோசகர்கள், மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் எல்லோரும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அதன்படி உங்கள் பிரிவுக்குப் பதிவு திறந்திருக்கிறதா என்று பார்த்து, திறந்திருந்தால் உடனே விண்ணப்பியுங்கள்.

போர்டில் பெயர், படிப்பு, 'உளவியல் ஆலோசகர்' போதும். நம் ஊரில் வெள்ளைச் சுவரும் மேசையும் இருந்தாலே "டாக்டர்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். முதல் சந்திப்பிலேயே, "நான் டாக்டர் இல்லைங்க, மருந்து எழுத மாட்டேன், பேசித்தான் சரிசெய்வேன்" என்று சொல்லிவிடுங்கள். இதனால் ஒரு சிலர் எழுந்து போவார்கள், போகட்டும்.

நீங்கள் திறக்கப்போகும் இடத்துக்கு, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டுமா என்பதை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, பதிலை ஃபைலில் போட்டு வையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிற 'மனநல நிறுவனம்' என்பது ஆட்களை உள்ளே தங்கவைத்துப் பார்க்கும் இடம். பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் அறை அதில் வராது.

2. இப்போதைய முதலாளியிடம் பேசுவது

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் தனியாகத் தொழில் செய்ய முடியாது. ஒப்பந்தப் பணியாக இருந்தாலும் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். தனியார் வேலையென்றால் நியமன உத்தரவில் 'வேறு வேலை பார்க்கக் கூடாது' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறைக்காமல் நிர்வாகத்திடம் பேசி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மறைத்துச் செய்தால் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற எந்த ஊரிலும் அது ஒரு வாரம் தாங்காது.

இன்னொன்றும் முக்கியம். பள்ளியில் நீங்கள் பார்க்கும் மாணவரை ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறைக்கு வரச்சொல்லிக் காசு வாங்காதீர்கள். பள்ளி கொடுக்கும் உதவி போதாமல் பெற்றோர் வெளியே கேட்டால், வேறு இரண்டு பேரின் பெயரைக் கொடுங்கள். அந்தப் பள்ளியில் வேலை பார்க்கும் வரையில் உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

3. கணக்கு

ஓர் உதாரணம் போடுவோம். கையில் வரும் சம்பளம் 28,000 ரூபாய். ஒரு செஷனுக்கு 600 ரூபாய் வாங்கப்போகிறீர்கள். மாதச் செலவு: அறை வாடகை 6,000, மின்சாரம், போன், இணையம் 1,500, சூப்பர்விஷனுக்கு (மூத்த ஆலோசகரிடம் நம் கேஸ்களைப் பேசி வழிகாட்டல் பெறுவது) 2,000, துப்புரவு, தண்ணீர், டிஷ்யூ, சில்லறை 1,500, மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் 4,000. மொத்தம் 15,000.

ஆக, அதே 28,000 வீட்டுக்கு வர மாதம் 43,000 வசூலாக வேண்டும். அதாவது 72 செஷன், வாரத்துக்கு 18. நாலு பேர் நேரம் வாங்கினால் ஒருவர் வரமாட்டார் என்று வையுங்கள், 24 பேருக்கு நேரம் கொடுத்தால்தான் 18 பேர் வருவார்கள்.

இதோடு முடியவில்லை. பொங்கல் வாரம், ஆடிப்பெருக்கு, ஊர்த் திருவிழா, தீபாவளி, பொதுத்தேர்வு நாட்கள், உங்களுக்கே வரும் காய்ச்சல் எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டு மாதச் செலவைப் பத்து மாதத்தில் சம்பாதிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் வாரத்துக்கு 21, 22 செஷன் ஆகிறது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் அவ்வளவு பேரின் கதையைக் கவனமாகக் கேட்க முடியுமா? குறிப்பு எழுத நேரம் இருக்குமா? என் கருத்தில் முதல் வருடம் வாரத்துக்குப் பதினைந்து நல்ல எல்லை. அதனால்தான் கொஞ்ச காலம் சம்பளமும் கூடவே ஓட வேண்டும்.

உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். வேலையை விடும் நாளில் ஆறு மாத வீட்டுச் செலவும் ஆறு மாத அறை வாடகையும் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். அதைச் சேர்க்க ஒன்றரை வருடம் ஆகிறதென்றால், உங்கள் மாற்றத்துக்கும் ஒன்றரை வருடம் ஆகும்.

4. அறை

நம் ஊரில் ஒருவர் கவுன்சிலிங்குக்கு வரத் தயங்குவது கட்டணத்தால் மட்டுமல்ல, யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயத்தால்தான். பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் பெரியம்மா மகன் நாலு ரோட்டில் கடை வைத்திருப்பார். பாலக்கோட்டுப் பையனின் டியூஷன் வாத்தியார் பேருந்து நிலையத்தில் நிற்பார். அதனால் அழகான அறையைவிட, யார் எதற்காக வருகிறார் என்று தெரியாத கட்டடம்தான் நமக்குத் தேவை.

கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் என்று நாலு வேலைக்கு ஆள் வந்து போகிற கட்டடமாகப் பாருங்கள். படியேறுகிறவர் எதற்குப் போகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அமைதியான தெருவில் தனி வீடு என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தால் "யாரு வந்துட்டுப் போனது?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நண்பர் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, சாதாரணக் குரலில் போனில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் காத்திருப்போர் நாற்காலி போடப்போகும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் புரிந்தாலும் அந்தக் கதவு போதாது. கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டலாம், கனமான திரை போடலாம், வெளியே சத்தமான ஒரு மேசை மின்விசிறி வைக்கலாம். அப்புறமும் கேட்டால் வேறு இடம் பாருங்கள். அழுத முகத்தைக் கழுவ உள்ளேயே ஒரு குழாய் இருந்தால் பெரிய உதவி.

ஆரம்பத்திலேயே முழு வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு விடுமுறை விடும் ஒரு குழந்தை மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட்டின் அறையை அந்த ஒரு நாளுக்கு மட்டும் கேளுங்கள். வாடகையாகவே கொடுங்கள். 'ஆளுக்கு இவ்வளவு' என்று பங்கு பேசாதீர்கள். பங்கு வந்தால், அவர் அனுப்பும் ஆளைத் திருப்பி அனுப்ப உங்களுக்குக் கை வராது.

நேரத்தை பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, கணவரிடம் காசு கேட்காமல் தருமபுரிக்கு வந்து போக முடிகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலை பதினொன்றிலிருந்து பகல் ஒன்றுவரைதான் நேரம். குழந்தை பள்ளியிலிருந்து திரும்பும் முன் வீட்டில் இருக்க வேண்டும். மாலை ஆறு மணி செஷன் டவுனில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் பொருந்தும். ஓசூரில் கணக்கே வேறு, அங்கே ஷிஃப்ட் முடியும் நேரம்தான் உங்கள் நேரம். தெலுங்கோ கன்னடமோ சுமாராகப் பேச வந்தாலும் அங்கே பெரிய பலம், ஆனால் அந்த மொழியில் ஒருவரின் துக்கத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வராவிட்டால் வருகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் இருபது நிமிட இடைவெளி விடுங்கள். ஒருவர் இறங்கிப் போனபிறகுதான் அடுத்தவர் படியேற வேண்டும்.

5. ஆட்கள் எப்படி வருவார்கள்

விளம்பரத்தால் வருவது குறைவு. நம் பக்கம் யாரோ ஒருவர், "அங்க போய்ப் பாருங்க, நல்லா பேசுவாங்க" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் குழந்தை மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், 'எல்லா டெஸ்ட்டும் நார்மல்' என்று சொல்லிக் களைத்துப்போன பொது மருத்துவர்கள், விவாகரத்து வழக்கு பார்க்கும் வக்கீல்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள். மாதம் இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். எந்தப் பிரச்சினைக்கு அனுப்பலாம், எதற்கு அனுப்ப வேண்டாம் என்று அரைப் பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். 'எதற்கு அனுப்ப வேண்டாம்' என்ற பகுதிதான் அவர்களுக்கு நம்பிக்கை தரும். கமிஷன் கேட்டால் மரியாதையாக மறுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

மனநல மருத்துவர் ஒருவரோடாவது நல்ல பழக்கம் வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தக் கட்டடம், எத்தனை மணிக்குச் சீட்டு என்று தெரிந்திருந்தால், பயந்துபோன ஒரு குடும்பத்தை அனுப்பும்போது வழி சொல்லி அனுப்பலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள்.

வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே குறி கேட்டிருப்பார்கள், தர்காவில் மந்திரித்திருப்பார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அங்கே அவர்களுக்கு என்ன ஆறுதல் கிடைத்தது என்று கேளுங்கள், பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

வாட்ஸப் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ யாருடைய கதையையும், பெயர் மாற்றிக்கூடப் போடாதீர்கள். இந்த அளவு ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

6. முதல் போன்

முதல் அழைப்பை நீங்களே எடுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"மேடம், பையன் ராத்திரியெல்லாம் போன்லயே இருக்கான். ஒரு தடவ கூட்டிட்டு வந்தா சரியாயிடுங்களா?"

"ஒரு தடவையில ஆகாதுங்க அண்ணா. முதல்ல நீங்களும் அவங்கம்மாவும் மட்டும் வாங்க. பையன அடுத்த வாரம் பார்க்கலாம். ஐம்பது நிமிஷம், அறுநூறு ரூபாய்."

"பையன் இல்லாமயேங்களா?"

"ஆமாங்க. அவன் எதிர்ல வெச்சு அவனைக் குறை சொன்னா, அப்புறம் என்கிட்ட அவன் வாயே திறக்க மாட்டான்."

கட்டணம், நேரம், ஒரு தடவையில் முடியாது என்பது எல்லாம் இந்த அழைப்பிலேயே சொல்லியாகிவிட்டது. கட்டணத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். கொடுக்க முடியாதவர்களுக்காக வாரத்தில் இரண்டு நேரத்தைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி வையுங்கள், அதற்கு மேல் கேட்டால் காத்திருப்புப் பட்டியல். எல்லோருக்கும் இரக்கப்பட்டுக் குறைத்தால் ஒரு வருடத்தில் அறையை மூட வேண்டி வரும், அப்போது யாருக்கும் உதவ முடியாது. வராமல் போனால் முதல் தடவை விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவையிலிருந்து பாதிக் கட்டணம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன்." இதைக் கேட்டதும் பலருக்கு மூச்சு சீராவதைப் பார்க்கலாம்.

7. ஆபத்தான நேரங்கள்

சம்பள வேலையில் ஆபத்து வந்தால் மேலே சொல்ல ஒருவர் இருந்தார். உங்கள் அறையில் நீங்கள்தான் கடைசி ஆள். அதனால் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104, குழந்தைகளுக்கு 1098, ஆம்புலன்ஸ் 108. தற்கொலை எண்ணம் சொல்பவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள், அதை யார் எடுத்து அப்புறப்படுத்துவார் என்பதை அவர் அறையை விட்டுப் போவதற்குள் முடிவு செய்யுங்கள். விவசாயக் குடும்பங்களில் இந்த ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது.

பதினெட்டு வயதுக்குள் இருக்கும் ஒருவர் பாலியல் கொடுமையைச் சொன்னால், போக்சோ சட்டம் 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். நம் மாவட்டங்களில் சிறுவயதுத் திருமணம் இன்னும் நடக்கிறது. பதினேழு வயதில் கர்ப்பமாகி, மன உளைச்சலோடு ஒரு பெண்ணை மாமியார் அழைத்து வரலாம். அப்போதும் இதே கடமைதான். அதனால் ரகசியத்துக்கு எங்கே எல்லை என்பதை முதல் செஷனிலேயே, அவர்கள் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு அறிவிப்பது ஒன்று, ரகசியம் என்று நம்பவைத்துவிட்டு அறிவிப்பது வேறு.

8. ஒவ்வொரு நாளாகச் சொந்த அறைக்கு மாறுவது

முதல் கட்டத்தில் ஞாயிறு மட்டும், நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஞாயிறு நிரம்பி மூன்று மாதம் நின்றபிறகு வார நாளில் இரண்டு மாலைகள். அதுவும் நிரம்பினால் நிர்வாகத்திடம் போய், வாரம் மூன்று நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று கேளுங்கள். பல பள்ளிகளுக்கு முழுநேர ஆளை வைத்திருப்பது பாரம், அதனால் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள். இந்த மூன்று நாள் காலம்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருக்க வேண்டும். மோசமான மாதத்தின் வருமானம்கூட அறைச் செலவைத் தாண்டி வீட்டுச் செலவில் பாதியைக் கொடுக்கிறது என்று தெரிந்தபிறகு முழுதாக விடலாம்.

விடும் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது கிராஜுட்டியை, அதாவது ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையை, பாருங்கள். ஐந்து வருடம் முடிய நாலு மாதம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 52,000 வரும், அது உதாரண அறையின் எட்டு மாத வாடகைக்கு மேல். பி.எஃப். பணத்தை எடுத்து நாற்காலி வாங்காதீர்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரியும் விழும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அது நிற்கும் முன்பே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

வரி விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, அதற்கே க்யூஆர், ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ரசீது. வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. பள்ளியோ கம்பெனியோ உங்களுக்குத் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால், வருடத்துக்கு 50,000 தாண்டும்போது பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டித் திரும்பப் பெறலாம். கட்ட வேண்டிய வரி 10,000க்கு மேல் போகும் வருடத்தில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்கூட்டியே கட்ட வேண்டும். நகராட்சிக்கு அரையாண்டு தொழில்வரி உண்டு. மீதியை உள்ளூர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

9. விட்டபிறகு

தனியாக உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு சூப்பர்விஷன் சாப்பாடு மாதிரி, காசில்லை என்று முதலில் வெட்டும் செலவாக அது இருக்கக் கூடாது. பெங்களூரு நமக்குப் பக்கம், மாதம் ஒருமுறை நேரில் போகலாம், இல்லையென்றால் ஆன்லைனில். கூடவே மாவட்டத்துக்குள் நாலைந்து ஆலோசகர்கள் மாதம் ஒரு மாலை கூடி, வந்தவர் யாரென்று தெரியாதபடி கேஸ் பேசுங்கள்.

வேலையிடத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் விடைபெறுவதை நோட்டீஸ் காலத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், உங்களுக்குப் பதில் வருபவரை அறிமுகப்படுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒப்படையுங்கள். பதில் ஆள் வரவில்லையென்றால், கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர்களைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் சொல்லி, அவர்கள் யாரிடம் போய்ப் பேசலாம் என்பதை முடிவு செய்துவிட்டு வெளியே வாருங்கள்.